பார்கவி நிலையத்துல நீல வெளிச்சம் இருந்துச்சா?

கேள்வி: ஒரு வாசகர், கோயமுத்தூர். 6 மே 2023

போன வாரம் டொவினோ தாமஸ் நடிச்ச நீலவெளிச்சம் பாத்தேன். அதுக்கப்புறம் 1964ல வந்த பார்கவி நிலையத்தையும் தேடிப் பாத்தேன். உண்மையச் சொன்னா எனக்கு பயமே வரலைங்க. முதல் பாதில ஒரு ஆளு காலி வீட்டுல தனியா பேசிக்கிட்டே இருக்காரு, மீதி காதல் கதை. இதப் போயி மலையாளத்துல வந்த முதல் பேய்ப் படம்னு எல்லாரும் ஏன் தூக்கி வச்சுப் பேசறாங்க? இன்னொண்ணு, ரெண்டு படத்துக்கும் மூலமான பஷீர் கதையோட பேரே நீல வெளிச்சம். அதக் கருப்பு வெள்ளைல எடுத்தா அந்த நீலம் எங்க போச்சு?

6 மே 2023, ராத்திரி 10.40

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. வீட்டுல தமிழ், படிச்சது தமிழ் மீடியம், பஸ் போர்டு மலையாளம், சினிமா ரெண்டும். நீங்க கேட்டதுல முதல் பாதிக்கு அப்புறம் வர்றேன். ரெண்டாவதுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன், நீலம் இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன். விளக்கு தானா எரியற எடத்துல ரூம் பூராவும் நீலமா நிக்கும். அப்ப எனக்கு ஒம்பது பத்து வயசு இருக்கும், பெரியம்மா முந்தானையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன், அந்த நெறம் இன்னிக்கும் கண்ணுக்குள்ள இருக்கு. நீங்க பாத்தது மோசமான பிரிண்டா இருக்கும்.

6 மே 2023, ராத்திரி 11.30

தூக்கம் வரல, எழுதிடறேன். டைரக்டர் ஏ. வின்சென்ட்டுக்கு அதுதான் டைரக்‌ஷன்ல முதல் படம், ஆனா கேமராமேனா அவரு அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே 1954ல நீலக்குயில் எடுத்தவரு. தமிழ்க்காரங்களுக்கு இன்னும் நெருக்கமானவரு. கல்யாணப் பரிசு, நெஞ்சில் ஓர் ஆலயம் எல்லாம் அவரு கேமராதான். முக்கியமா 1963ல ஸ்ரீதர் எடுத்த நெஞ்சம் மறப்பதில்லை. பாழடைஞ்ச ஜமீன் பங்களா, போன ஜென்மத்து ஞாபகம், கல்யாண்குமார், தேவிகா, அப்புறம் நூறு வயசு தாண்டின கிழவரா வர்ற நம்பியார். அந்தக் கிழவர் முகத்துல விழற நிழல மறக்க முடியுமா? அத எடுத்த கைதான் மறு வருஷம் மலையாளத்துல பார்கவி நிலையத்த டைரக்ட் பண்ணுச்சு. இதுல கேமரா பி. பாஸ்கர் ராவ், ஆனா பாக்கறப்ப வின்சென்ட் கண்ணு தெரியும்.

அதனால எங்க பக்கம் பெருசுங்க ரெண்டு படத்தையும் ஒண்ணாவே போட்டுக் கொழப்பிப் பேசுவாங்க. "அந்த நம்பியாரு கெணத்துல தள்ளிவிடுவானே"ன்னு எங்க அப்பாரு ஒருக்கா சொன்னாரு. நம்பியாரு எந்தக் கெணத்துலயும் யாரையும் தள்ளல. தள்ளினது பார்கவி நிலையத்துல வர்ற பி.ஜே. ஆண்டணி. ஆனா எல்லைல வாழறவனுக்கு ரெண்டு பாஷைப் பேயும் ஒரே தோப்புலதான் நிக்கும், என்ன பண்றது.

8 மே 2023

ஒருத்தர் எனக்குத் தனியா எழுதிக் கேட்டிருக்காரு, "கருப்பு வெள்ளை பிலிம்ல நீலம் எப்படிங்க வரும், சாம்பலாத்தான தெரியும்?"ன்னு. நியாயமான கேள்விதான். எனக்கும் அன்னிக்கு ராத்திரி பூரா அதே யோசனை. சில பழைய படங்கள்ல குறிப்பிட்ட சீனை மட்டும் சாயத்துல முக்கி நெறம் ஏத்துவாங்க, ஊமைப் படக் காலத்துல ராத்திரின்னா நீலம், நெருப்புன்னா செவப்புன்னு செஞ்சிருக்காங்க. அப்படி ஏதாவது இருக்குமான்னு நெனச்சேன். எங்கிட்ட இருக்கற காப்பிய மறுபடி ஓட்டிப் பாக்கறேன்.

வின்சென்ட்டுக்கு கலர் தெரியாதுன்னு மட்டும் நெனச்சுடாதீங்க. அதே 1964 பிப்ரவரில வந்த காதலிக்க நேரமில்லை, ஈஸ்ட்மென் கலர், அதுக்கும் கேமரா அவருதான். அந்தப் படத்துல வர்ற ஆளியாறு அணை எங்க ஊருல இருந்து பக்கம், அந்தத் தண்ணிதான் எங்க சித்தூர் வயலுக்கு வருது, அது வராத வருஷம் ஜனங்க ரோட்டுக்கு வந்து சத்தம் போடுவாங்க. பிப்ரவரில ஆளியாத்துப் பச்சையையும் வெயிலையும் அப்படிக் காட்டின மனுஷன், அக்டோபர்ல கருப்பு வெள்ளைல ஒரு கெணத்தக் காட்டறாரு. பணம் ஒரு காரணமா இருந்திருக்கும், கலர் பிலிம் அன்னிக்குச் சல்லிசு கெடையாது. இருந்தாலும் ரெண்டையும் ஒரே வருஷம் செஞ்சவருக்கு எது போகுது எது வருதுன்னு தெரிஞ்சிருக்கும்.

9 மே 2023

நான் சொன்னது தப்பு.

படத்த ரெண்டு தடவை முழுசா ஓட்டிட்டேன். எங்கயும் நீலம் இல்ல. வெளுப்பு, கருப்பு, நடுவுல நூறு சாம்பல், அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல, கேட்டவங்களுக்கெல்லாம் நான் பாத்தேன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். மனசு ரொம்ப சங்கடமாப் போச்சு. பொய் சொல்லல, ஆனா உண்மையும் இல்ல. அப்ப நான் பாத்தது என்ன?

9 மே 2023, சாயங்காலம்

கண்டுபிடிச்சுட்டேன். தங்கச்சிகிட்ட போன்ல சொன்னேன், அவ ஒரே வார்த்தைல முடிச்சுட்டா. "டிவி மேல சீட்டு இருந்துச்சேண்ணா."

இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெரியாது. கருப்பு வெள்ளை டிவி வாங்கினா அதுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சீட்டு மாட்டுவாங்க. கண்ணுக்கு நல்லதும்பாங்க. சில வீட்டுல மேல நீலம், நடுவுல ஆரஞ்சு, கீழ பச்சைன்னு மூணு பட்டை இருக்கும், செய்தி வாசிக்கறவங்க நெத்தி நீலமாவும் தாவாக்கட்டை பச்சையாவும் தெரியும். பெரியம்மா வீட்டுல இருந்தது முழு நீலம். நாலு மூலைலயும் ரப்பர் பூட்டு, இழுத்து மாட்டினா கொஞ்சம் தொப்பை வச்ச மாதிரி முன்னாடி வளைஞ்சு நிக்கும், அதுல எங்க முகமும் தெரியும். பகல்ல அந்த நீலம் கண்ணுல படாது. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு இருட்டு சீன் வந்தா திண்ணை வரைக்கும் நீலம் வந்து விழும். வாசப்படில உக்காந்திருக்கற களத்து ஆளுங்க வேட்டியெல்லாம் நீலமாயிடும்.

ஆன்டெனா கதையும் சொல்லணும். எங்க வீடுகள்ல ஆன்டெனா ஒரு எடத்துல நிக்காது. கெழக்க திருப்பினா கொடைக்கானல் டவர்ல தமிழ், மேக்க திருப்பினா மலையாளம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மலையாளப் படம். அதுக்கு ஒருத்தன் கூரை ஏறி பைப்பப் புடிச்சுத் திருப்பணும், கீழ இருந்து இன்னொருத்தன் "வந்துருச்சு, போயிருச்சு, கொஞ்சம் இந்தப்பக்கம், நில்லு நில்லு"ன்னு கத்தணும். அன்னிக்குக் கூரை ஏறினது எங்க அண்ணன். அவன் எறங்கி வர்றதுக்குள்ள படத்துல எழுத்தாளரா நடிச்ச மது அந்த வீட்டுக் கேட்டத் தொறந்துட்டாரு.

ஆக நீலம் படத்துல இல்ல, பெரியம்மா வீட்டு டிவில இருந்துச்சு. கோயமுத்தூர்த் தம்பி, உங்ககிட்ட அடிச்சுப் பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க.

10 மே 2023

ஒரு சின்ன விஷயம். எங்க பக்கம் பூட்டிக் கெடக்கற பாழ் வீட்டப் பாத்தா "பார்கவி நிலையமாட்டம் கெடக்குது"ம்போம். கேரளா பூராவும் அப்படித்தான். படமே பாக்காதவங்க கூட சொல்றாங்க. எங்க ஊரு டீக்கடைல பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் சொன்னான், படம் பாத்திருக்கியான்னு கேட்டா அப்படி ஒரு படம் இருக்கான்னு கேக்கறான். ஒரு படத்தோட பேரு வெறும் வார்த்தையா மாறி ஊருக்குள்ள நடமாடறது லேசான விஷயம் இல்ல.

13 மே 2023

இப்ப முதல் கேள்விக்கு வர்றேன். பயம் ஏன் வரல?

பஷீரோட கதைய முதல்ல படிச்சுப் பாருங்க. வைக்கம் முகம்மது பஷீர், கதை பேரு நீலவெளிச்சம், சின்னக் கதைதான். எழுத்தாளன் ஒருத்தன் தனி வீடு தேடி அலையறான், ஒரு பழைய வீடு கெடைக்குது, வாடகைய முன்பணமாக் குடுத்துடறான். அப்புறம்தான் தபாலாபீஸ் பக்கம் போனப்ப தெரியுது, அது பார்கவின்னு ஒரு பொண்ணு கெணத்துல விழுந்து செத்த வீடுன்னு. குடுத்த காசு போயிடும், போக வேற எடமும் இல்ல. அதனால அவளோடயே இருந்துடலாம்னு முடிவு பண்றான். உள்ள போயி அவகிட்ட பேச ஆரம்பிக்கறான். பார்கவிக்குட்டி, நமக்குள்ள அறிமுகம் இல்ல, நான் இன்னாருன்னு. கிராமபோன் வச்சிருக்கான், பால் ராப்சன், பங்கஜ் மல்லிக், சைகல்னு பாட்டுப் போட்டுக் காட்டறான், உனக்கு எது புடிக்கும்னு கேக்கறான். ஒரு ராத்திரி எழுதிட்டு இருக்கறப்ப மண்ணெண்ணெய் தீந்து விளக்கு அணையுது, எண்ணெய் வாங்க சிநேகிதங்க இருக்கற எடத்துக்குப் போறான், திரும்பி வந்தா ரூம்ல நீல வெளிச்சம், விளக்கு எரியுது. எண்ணெய் இல்லாத விளக்க யாரு பத்த வச்சா? எங்கிருந்து வந்துச்சு அந்த வெளிச்சம்? கதை அந்தக் கேள்வியோட நின்னுடுது.

பாத்தீங்களா, அவன் அவள வெரட்டல. மந்திரவாதியக் கூப்பிடல, ஆணி அடிக்கல. எங்க பக்கம் யட்சிக் கதைன்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ராத்திரி பாலை மரத்தடில நின்னு சுண்ணாம்பு கேப்பா, குடுத்தவனோட பல்லும் நகமும்தான் காலைல மிஞ்சும். மலம்புழா அணைல கானாயி குஞ்ஞிராமன் 1969ல செஞ்ச யட்சி செலை முப்பதடி உயரத்துக்கு இருக்குதே, அவளக் கூட சனங்க அண்ணாந்து பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டுப் போறாங்க, ஒக்காந்து பேசறது யாரும் இல்ல. பஷீர் மட்டும்தான் பேசினாரு. வெரட்டறதுக்கு ஆளு இல்லாத வீட்டுல பயம் வேற மாதிரி வரும். அலற வைக்காது. தனியா இருக்கறப்ப பக்கத்துல யாரோ மூச்சு விடற மாதிரி, கேக்கறாங்கங்கற மாதிரி இருக்கும்.

அதனாலதான் முதல் பாதில மது மட்டும் தனியா நடிக்கறாரு. அவரு சினிமாவுக்கு வந்ததே 1963ல. எதிர்ல ஆளே இல்லாம அத்தன நேரம் பேசி நம்ப வைக்கறது எவ்வளவு கஷ்டம்னு நெனச்சுப் பாருங்க. அவரு குரல்ல பயம் முதல்ல இருக்கு, அப்புறம் அது மரியாதையாகுது, அப்புறம் அக்கறை. நீங்க "தனியா பேசிட்டே இருக்காரு"ன்னு எழுதினீங்களே, அவரு தனியா பேசல தம்பி. அவகிட்ட பேசறாரு.

13 மே 2023, கொஞ்ச நேரம் கழிச்சு

இங்கிலீஷ்ல 1963ல ராபர்ட் வைஸ் எடுத்த தி ஹான்டிங் பாத்திருக்கீங்களா? அதுவும் கருப்பு வெள்ளை, அதுலயும் பேயக் கடைசி வரைக்கும் காட்ட மாட்டாங்க, கதவு மட்டும் உள்பக்கமா பொதபொதன்னு வளையும். மரப்பலகைய ஒட்டிச் செஞ்ச கதவப் பின்னால இருந்து ஆளு வச்சுத் தள்ளினாங்களாம். ஒரே நேரத்துல உலகத்தோட ரெண்டு மூலைல இப்படி ரெண்டு படம். ஆனா அங்க வீடு அந்தப் பொண்ண முழுங்கப் பாக்கும். இங்க வீடு அவனுக்கு விளக்கப் பத்த வைக்குது.

17 மே 2023

இத எழுதலாமா வேண்டாமான்னு நாலு நாள் யோசிச்சேன்.

அன்னிக்கு டிவில படம் பாத்தோம்னு சொன்னேன்ல, முழுசாப் பாக்கல. பாதில கரண்ட் போச்சு. பெரியம்மா லாந்தரப் பத்த வச்சா, அரைமணி நேரம் இருட்டுல உக்காந்திருந்தோம், களத்து ஆளுங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க. கரண்ட் வந்தப்ப செய்தி ஓடிட்டு இருந்துச்சு. அதனால எனக்குத் தெரிஞ்ச பார்கவி யாருன்னா, காதலிச்சவன் ஏமாத்திட்டான்னு கெணத்துல விழுந்து செத்தவ. ஊரு சொல்றதத்தான படத்துல முதல்ல சொல்லுவாங்க. நான் அதோட நிறுத்திக்கிட்டேன்.

பதினஞ்சு வருஷம் கழிச்சு பாலக்காட்டுல ஒரு கடைல விசிடி வாங்கினேன். மூணு டிஸ்க்னு போட்டிருந்துச்சு, வீட்டுக்கு வந்து பிரிச்சா ரெண்டாவது டிஸ்க்கே ரெண்டு தடவை இருக்கு, மூணாவது இல்ல. மறுநாள் போயிக் கேட்டா கடைக்காரரு பிரிச்சத மாத்த முடியாதுன்னுட்டாரு. எனக்கு அழுகையே வந்துச்சு, நெஜமா. நாற்பது கிலோமீட்டர் போயிட்டு வந்தது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்காக. அதுக்கப்புறமும் ஒரு வருஷம் போச்சு, கடைசில ஒரு சிநேகிதன் வீட்டுலதான் முடிவு வரைக்கும் பாத்தேன்.

பாத்துட்டு ஆடிப்போயிட்டேன். அவ விழல.

எழுத்தாளன் அவளோட கதைய எழுத எழுதத்தான் வெளில வருது. பக்கத்து வீட்டுல பாடற சசிகுமார அவ விரும்பறா, அது பிரேம் நசீர். மொறை மாமன் நாணுக்குட்டனுக்கு அது பொறுக்கல, அதுதான் பி.ஜே. ஆண்டணி. சசிகுமாருக்கு விஷம் வச்சது அவன், இவளக் கெணத்துல தள்ளினதும் அவன். ஊரு இத்தன வருஷம் "விழுந்தா, விழுந்தா"ன்னு சொல்லிட்டு இருந்தது கொலைகாரன் வாய்ல இருந்து வந்த வார்த்தை. கடைசில எழுதினதத் தெரிஞ்சுக்கிட்டு எழுத்தாளனையும் தள்ள வர்றான், அவனே கெணத்துல விழறான்.

இதுல எனக்கு இன்னும் பெருசாப் படறது வேற. பஷீரோட கதைல அவ நெஜமாவே விழுந்தவதான். காதலிச்சவன் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான், இவ கெணத்துல குதிச்சா, அவ்வளவுதான் கதைல. படத்துக்குத் திரைக்கதை எழுதினதும் பஷீரேதான். அப்ப தான் எழுதினதையே அவரு திரும்ப எடுத்துப் பாத்து, இல்ல, இவள நான் சரியா விசாரிக்கலன்னு மாத்தி எழுதியிருக்காரு. கதை எழுதினப்ப ஊர் பேச்ச நம்பினவரு, படத்துக்கு எழுதறப்ப அவ பக்கம் கேட்டிருக்காருன்னுதான் எனக்குத் தோணுது. அவரு வேற எதாவது நெனச்சு எழுதியிருக்கலாம், எனக்கு அப்படித்தான் படுது.

18 மே 2023

நேத்து எழுதினதப் படிச்சுட்டு, படமா எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. சரி. காசு போட்டது டி.கே. பரீக்குட்டி, நீலக்குயில் எடுத்தவரே. பாட்டு பி. பாஸ்கரன், இசை எம்.எஸ். பாபுராஜ். யேசுதாஸ் பாடின தாமசமெந்தே வருவான் இன்னிக்கும் எங்க பக்கம் கல்யாண வீட்டுல பாடறாங்க, பீம்பளாசி ராகம், பாபுராஜுக்கு இந்துஸ்தானி ரத்தத்துல ஊறினது. எங்க பெரியம்மாவுக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா அந்தப் பாட்ட ஒரு வார்த்தை விடாம மொணங்குவா. ஜானகியம்மா பாடின வசந்த பஞ்சமி நாளில் கேட்டா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்கும், காத்திருக்கறவ பாட்டு அது. புது நீலவெளிச்சத்துலயும் அந்த மெட்டுகளையே திரும்பப் போட்டாங்க, அதுல எனக்கு சந்தோஷம்தான். வேற மெட்டு போட்டிருந்தா யாரு கேட்டிருப்பா.

பார்கவியா நடிச்சது விஜயநிர்மலா. நம்ம ஆளுங்களுக்குச் சொன்னா உடனே தெரியும், பணமா பாசமால எலந்தப்பழம் விக்கற பொண்ணு. பின்னால தெலுங்குல டைரக்டரா ஆகி நாப்பதுக்கும் மேல படம் எடுத்து கின்னஸ்ல பேரு வந்தவங்க. ஒரு கூடை எலந்தப்பழத்தோட ஆடினவங்கதான் அந்த வெள்ளைச் சேலைல தலைமுடிய அவுத்துவிட்டு நிக்கறவங்கன்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது.

மலையாள காமெடி நடிகர் குதிரவட்டம் பப்புவுக்கு அந்தப் பேரு வந்ததும் இந்தப் படத்துலதான். சொந்தப் பேரு பத்மதளாக்‌ஷன். படத்துல அவரு கேரக்டர் பேரு குதிரவட்டம் பப்பு, அதுவே ஆயுசுக்கும் ஒட்டிக்கிச்சு.

24 மே 2023

பெரியம்மாவப் பாக்கப் போயிட்டு வந்தேன். எண்பத்தோரு வயசு. வேலந்தாவளம் பக்கம் பழைய களத்து வீட்டுலயேதான் இருக்கா.

அங்க தோப்புக்குள்ள ஒரு கெணறு இருக்கு. சின்ன வயசுல எங்கள அந்தப் பக்கமே விட மாட்டாங்க. ஒரு அக்கா அதுல விழுந்துட்டான்னு சொல்லுவாங்க. பேரு கூட யாரும் சொல்றதில்ல, "கெணத்து மேட்டு வீட்டுக்காரி"ம்பாங்க, "மனசு சரியில்லாம விழுந்துட்டா"ம்பாங்க, அதோட பேச்சு மாறிடும். ஆனா பெரியம்மா மட்டும் அங்கதான் தண்ணி எடுப்பா. கயித்த எறக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாத்து மெதுவா ஒண்ணு சொல்லுவா. ஒரு நாள் பின்னாலயே போயி ஒளிஞ்சு கேட்டேன். "கொஞ்சம் தள்ளிக்கம்மா, கொடம் எறக்கறேன்"னா. எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல்.

பார்கவி படம் பாத்தப்ப எனக்கு அந்த நீலம் அவ்வளவு ஒட்டிக்கிட்டதுக்குக் காரணம் அதுதான்னு இப்பத் தோணுது. அந்த எழுத்தாளன் பேசற மாதிரி பேசற ஒரு ஆள எனக்கு முன்னாடியே தெரியும்.

இத்தன வருஷம் கேக்காதத இந்தத் தடவை கேட்டேன். அந்த அக்கா நெஜமா விழுந்துச்சா பெரியம்மான்னு. பெரியம்மா வெத்தலைய மடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா. "பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து கட்டிக்கிட்டு வந்த புள்ளை. எனக்கு ரவிக்கை தைக்கச் சொல்லிக் குடுத்தது அவதான். வெளுக்கறதுக்கு முன்னாடி தண்ணிக்குப் போனா. நாங்க போயிப் பாத்தப்ப மேட்டுல ஒரு கொடம் நெறைஞ்சு இருந்துச்சு, இன்னொண்ணு தண்ணில மெதந்துச்சு. சும்மாடு சுத்தி நெறைஞ்ச கொடத்து மேல வச்சிருந்துச்சு. சாகப் போறவ ரெண்டு கொடம் எடுத்துட்டுப் போவாளா சாமி? ஒண்ண நெறைச்சு வச்சுட்டுச் சாவாளா?"

அப்பக் கெணத்துக்குக் கைப்பிடிச் சுவரு கெடையாதாம். மழைக்காலம், பாசி. வழுக்கியிருக்கும். ஆனா ஊருக்கு வழுக்கினான்னு சொல்றத விட விழுந்தான்னு சொல்றது சுலபம். பெரியம்மா அத யார்கிட்டயும் சொல்லல, யாரும் கேக்கலையாம். அந்த அக்கா பேரச் சொன்னா. அத இங்க எழுத மாட்டேன், அவங்க சொந்தக்காரங்க இன்னும் இருக்காங்க. ஆனா இப்ப எனக்குத் தெரியும்.

25 மே 2023

நேத்து எழுதினதுல ஒண்ணு திருத்தணும். பேரு யாரும் சொல்றதில்லைன்னு எழுதினேன். பெரியம்மா தண்ணி எடுக்கறப்ப பேரு சொல்லித்தான் கூப்பிட்டிருக்கா, எனக்குத்தான் கேக்கல. அவகிட்டயே திருப்பிக் கேட்டேன், "நான் என்னிக்குடா வெறும் அம்மான்னேன்"னு கோவிச்சுக்கிட்டா.

4 ஜூன் 2023

கோயமுத்தூர்த் தம்பி எழுதியிருக்காரு, படத்த மறுபடி பாத்தாராம், இந்தத் தடவை விளக்க அணைச்சுட்டு, தனியா. பயம் வந்துச்சான்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. "கெணத்தக் காட்டறப்பல்லாம் நிறுத்திட்டுப் பாத்தேன்"னு மட்டும் எழுதியிருந்தாரு. ரொம்ப சந்தோஷம் தம்பி.

11 ஜூன் 2023

கடைசியா ஒண்ணு. பெரியம்மா வீட்டுப் பரண்ல பழைய டிவி இல்ல, எப்பவோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டாங்க. ஆனா சீட்டு இருந்துச்சு. நெல்லுக் குதிருக்குப் பின்னால, ஒரு மூலை ஒடைஞ்சு, பூரா கீறல், மேல எலிப் புழுக்கை. தொடச்சுப் பாத்தா நீலம் அப்படியே இருக்கு.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சுட்டு லேப்டாப்புல படத்தப் போட்டு அந்தச் சீட்ட முன்னாடி சாத்தி வச்சேன். லைட்ட அணைச்சோம். பெரியம்மா கட்டில்ல சாஞ்சு உக்காந்து பாத்தா, தங்கச்சி பொண்ணு கீழ. சீட்டுல இருக்கற கீறலெல்லாம் மழை பெய்யற மாதிரி தெரியுது. விளக்கு எரியற எடம் வந்துச்சு. ரூம் நீலமாச்சு, பெரியம்மா வெள்ளைச் சேலையும் நீலமாச்சு. நான் சின்ன வயசுல பாத்தது அச்சு அசல் இதுதான்.

தங்கச்சி பொண்ணு கேட்டா, "எண்ணெய் இல்லாம எப்படி பாட்டி எரியுது?"

பெரியம்மா சொன்னா, "ரேஷன்ல நமக்கும் நீல எண்ணெய்தான குடுத்தாங்க. அவளுக்கும் குடுத்திருப்பாங்க."

சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "நிறுத்திடாதடா, அன்னிக்கு இங்கதான் கரண்ட் போச்சு. அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு நான் இன்னும் பாக்கல"ன்னா.